முதல் ஸாரி

சித்தப்பா மன்னிப்புக் கேட்ட அன்று, அம்மா அவருக்குக் காய்ச்சல் என்றுதான் நினைத்தாள். எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பம்பாயில், தாராவி கிராஸ் ரோட்டை ஒட்டிய எங்கள் கோலி, அதாவது ஒற்றை அறை வீடு, பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் ஆறு பேர், ஒரு பீரோ, ஒரு முருகன் படம், பானை தண்ணீர். நடுவில் இருந்த கொஞ்சம் தரையில் சித்தப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வாசித்தார்.

"அண்ணே, எழுபத்திநாலுல ஊருக்குப் போகும்போது அம்மைகிட்ட குடுக்கச் சொல்லி இருநூறு ரூவா தந்தீங்க. நான் நூத்தம்பதுதான் குடுத்தேன். மன்னிச்சுக்கோங்க."

அப்பா டீயை உறிஞ்சி முடித்துவிட்டுச் சொன்னார்: "தெரியும்லே. அம்மை அப்பவே இன்லேண்டுல எழுதிட்டா."

பன்னிரண்டு வருஷமாக அப்பாவுக்குத் தெரியும். தெரியும் என்பது சித்தப்பாவுக்குத் தெரியாது. இரண்டு பேரும் அத்தனை பொங்கலுக்கும் ஒரே பானையில் சாப்பிட்டிருக்கிறார்கள். இப்போது ஒருவர் வாயைத் திறந்ததில் வீடே சங்கடத்தில் ஆழ்ந்தது. மன்னிப்புக் கேட்டவனிடம் என்ன சொல்வது என்று திருநெல்வேலிச் சீமையில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அப்பா கடைசியில், "இட்லி திங்கியா?" என்றார்.

சித்தப்பாவுக்கு இந்தச் சீக்கு எங்கே பிடித்தது? பஞ்சகனியில். அவர் செம்பூர்ப் பக்கம் ஒரு ஆலையில் ஃபிட்டர், யூனியன்காரர், மானேஜர் காரின் முன்னால் படுத்தவர். ஆலைக்காரர்கள் அவரையும் அதே மானேஜரையும் ஒரே வண்டியில் ஏற்றி, மலைமேல் இருக்கும் 'ஏஷியா பிளாட்டோ' என்ற இடத்துக்கு ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே விடியற்காலையில் எல்லோரும் எழுந்து, பேசாமல் உட்கார்ந்து, உள்ளுக்குள் கேட்கும் குரலை நோட்டில் எழுத வேண்டும். முதல் நாள் சித்தப்பாவுக்கு உள்ளே கேட்ட ஒரே குரல் "காபி எப்போ?" என்பது. அதை நேர்மையாக எழுதியும் வைத்திருந்தார். மூன்றாம் நாள், சாப்பிட்ட தட்டை மானேஜர் கழுவ, சித்தப்பா துடைத்து அடுக்கினாராம். இருபது வருஷ வேலைநிறுத்தத்தில் கிடைக்காத வெற்றி அது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள்தான் அந்த ஐம்பது ரூபாய் ஞாபகம் வந்திருக்கிறது.

அந்த இடத்தை நடத்தி, இப்படித் தாராவிச் சித்தப்பாக்களைக் கெடுத்த இயக்கத்தின் பூர்வ கதை, எனக்குத் தெரிந்தவரை, ஒரு கமிட்டிச் சண்டையில் ஆரம்பிக்கிறது.

ஃபிராங்க் புக்மன். 1878-இல் பென்சில்வேனியாவில் பிறந்த லூத்தரன் பாதிரியார். பிலடெல்பியாவில் ஏழைப் பையன்களுக்கான விடுதி ஒன்றை நடத்தினார். பையன்களுக்கு வயிறாரப் போட வேண்டும் என்பது இவர் கட்சி. செலவைக் குறை என்பது நிர்வாகக் குழுவின் கட்சி. குழுவில் ஆறு பேர். தோற்றது புக்மன். ராஜினாமா செய்துவிட்டு, மனசெல்லாம் கரிப்புடன் ஐரோப்பாவைச் சுற்றினார். 1908-இல் இங்கிலாந்தின் கெஸ்விக் என்ற ஊரில் ஒரு சின்னத் தேவாலயத்தில் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தபோது மண்டையில் உறைத்தது: அந்த ஆறு பேர் செய்தது தப்பாகவே இருக்கட்டும், ஆறு பேரையும் வெறுத்துக்கொண்டு திரியும் ஏழாவது தப்பு நானல்லவா? உடனே உட்கார்ந்து ஆறு பேருக்கும் ஆறு மன்னிப்புக் கடிதம் எழுதிப் போட்டார்.

ஒருவர்கூடப் பதில் போடவில்லை.

இதைத் தமிழன் யாராவது செய்திருந்தால் ஏழாவதாக ஒரு கடிதம் போயிருக்கும். அதன் தொனி வேறாக இருந்திருக்கும். புக்மன் பதில் வராததைப் பெரிதுபடுத்தாமல், இந்த வித்தையையே ஊர் ஊராக விற்கக் கிளம்பினார். 1915-இல் இந்தியா வந்து காந்தியைப் பார்த்தார். காந்தியே ஒரு பிராயச்சித்தக் கடை வைத்திருந்தவர் என்பதால் வியாபாரம் அங்கே அவ்வளவாக நடந்திருக்காது. பழக்கம் மட்டும் பல வருஷம் நீடித்தது.

இருபதுகளின் கடைசியில் புக்மனின் கூட்டத்துக்கு 'ஆக்ஸ்ஃபோர்ட் குரூப்' என்று பெயர் வந்தது. நான்கு விதிகள்: முழு நேர்மை, முழுத் தூய்மை, முழுத் தன்னலமின்மை, முழு அன்பு. நாலிலும் நூற்றுக்கு நூறு வேண்டும், முப்பத்தைந்துக்குப் பாஸ் கிடையாது. நாள் தவறாமல் நோட்டு. செய்த தப்பை நாலு பேர் முன்னால் சொல்வது. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது. இந்தக் கடைசிப் பழக்கத்தைச் சித்தப்பா சரியாகக் கவனிக்கவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். உலகத்துக்கு இந்தக் கூட்டம் செய்த பெரிய உபகாரம் என்று நான் நினைப்பது, இதில் இருந்த இரண்டு அமெரிக்கக் குடிகாரர்கள் 1935-இல் இதே உத்தியை எடுத்துக்கொண்டு போய் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' ஆரம்பித்ததுதான். அரசியல் தலைவர்கள் திருந்தினார்களோ இல்லையோ, குடிகாரர்கள் நிஜமாகத் திருந்தினார்கள்.

அரசியல் என்று வரும்போது புக்மன் சறுக்கியதும் உண்டு. 1936 ஆகஸ்டில் நியூயார்க்கில் ஒரு பத்திரிகைக்காரரிடம், கம்யூனிசத்துக்கு எதிராக அரண் கட்டிய ஹிட்லர் போன்ற மனிதருக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன் என்கிற மாதிரி உளறிவைத்தார். அன்று காலை மௌன நேரத்தைக் கொஞ்சம் நீட்டியிருக்கலாம். ஆயுள் முழுக்க அந்த வாக்கியம் அவரை விடவில்லை. கடவுளின் குரல் கேட்கிறது என்று சொல்கிறவர்களிடம் உள்ள சிக்கல் இது: கேட்பது கடவுளா, காலையில் சாப்பிட்டது செரிக்காத சத்தமா என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிய வழியில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 1938 மே மாதம், லண்டன் ஈஸ்ட் ஹாம் நகர மன்றத்தில் புதுப் பெயர் வைத்தார்: 'மாரல் ரீ-ஆர்மமென்ட்'. ஐரோப்பா முழுக்க பீரங்கி வார்த்துக்கொண்டிருந்த நேரம். நாம் ஒழுக்கத்தை வார்ப்போம் என்பது கருத்து. அழகான கருத்துதான். ஆனால் 'மறு ஆயுதம்' என்று தாராவியில் ஒரு பலகை மாட்டிப் பாருங்கள், மாலைக்குள் போலீஸ் வந்து பழைய ஆயுதம் எங்கே என்று கேட்கும்.

போர் முடிந்து 1946-இல் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கு மேலே, கோ என்ற மலையூரில், பாழடைந்து கிடந்த ஒரு பெரிய ஹோட்டலைச் சுவிஸ் குடும்பங்கள் இயக்கத்துக்காகப் பணம் போட்டு வாங்கின. அடுத்த வருஷம் அங்கேதான் இந்த இயக்கத்தின் சிறந்த அரை நிமிடம் நடந்தது. இரேன் லோர் என்ற பிரெஞ்சு சோஷலிஸ்ட் பெண், நாஜிகளை எதிர்த்துத் தலைமறைவாகப் போராடியவர், ஜெர்மானியர்களைக் கண்டதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். பிறகு மேடையேறி, உங்களை இத்தனை வெறுத்ததற்கு என்னை மன்னியுங்கள் என்றார். அடி வாங்கியவர் அடித்தவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று எனக்கு இன்னமும் கோபம் வரும். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த ஜெர்மானியர்களுக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்காது என்று மட்டும் தோன்றுகிறது. அப்பாவும் அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தூங்கவில்லை.

1952 கடைசியில் புக்மன் சுமார் இருநூறு பேரோடு, நாடகம் பாட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து இறங்கினார். கோட்டு சூட்டு போட்ட தெருக்கூத்து என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் திரௌபதி சபதம் விடிய விடிய நடக்கும். அவர்கள் கூத்தில் முதலாளியும் தொழிலாளியும் மூன்றாம் காட்சிக்குள் கைகுலுக்கிவிடுவார்கள்.

கூத்து போய்விட்டது, ஆனால் ஆள் கிடைத்தார். ராஜ்மோகன் காந்தி. தகப்பன் வழியில் மகாத்மாவின் பேரன், தாய் வழியில் நம் ராஜாஜியின் பேரன். வீட்டுக்கு வீடு ஒரு தாத்தா போதும் என்று இருக்கும் தேசத்தில், இரண்டு பக்கமும் இப்படித் தாத்தா அமைந்தால் பிள்ளை விடியற்காலை நோட்டு எழுதுவதைத் தவிர வேறு என்னதான் செய்யும்? 1963 அக்டோபரில் கன்னியாகுமரியிலிருந்து டெல்லிவரை ஒரு ஊர்வலம் போனார். 1964-இல் பம்பாயிலிருந்து 'ஹிம்மத்' என்ற வாரப் பத்திரிகை தொடங்கினார். ஹிம்மத் என்றால் தைரியம். அவசரநிலையின்போது அந்தப் பெயருக்குப் பங்கம் வராமல் நடந்துகொண்டது. 1981-இல் நின்றது, தைரியத்துக்கு விளம்பரம் கிடைப்பது எப்போதுமே கஷ்டம். அதற்கு முன்பே, 1968-இல், சித்தப்பா போன அந்தப் பஞ்சகனி மையம் திறந்தது. 1989-இல் அமேதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்து நின்று தோற்றார். ஒரு காந்தி இன்னொரு காந்தியிடம் தோற்ற அந்தத் தேர்தலில் யார் அசல் என்று ஊரே பேசியது. ஓட்டு என்னவோ நகல் எடுத்தவருக்கே விழுந்தது.

ஹிம்மத் வந்துகொண்டிருந்த அதே பம்பாயில்தான், 1966 ஜூனில், இன்னொரு பத்திரிகைக்காரர் இன்னொரு இயக்கத்தைத் தொடங்கினார். கார்ட்டூனிஸ்ட் பால் தாக்கரே. அவருடைய 'மார்மிக்' வாரப் பத்திரிகை, எந்தெந்தக் கம்பெனியில் எத்தனை தென்னிந்தியப் பெயர் என்று பட்டியல் போட்டது. நாம் பேசுவது அவர்கள் காதுக்கு 'யண்டு குண்டு' என்று விழுந்ததாம். 'பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி', அதாவது ஊதலை ஊது, லுங்கிக்காரனை விரட்டு என்று கோஷம். உடுப்பி ஓட்டல்களுக்குக் கல். மாதுங்காவில் பூக்கடைக்கும் காபிக்கடைக்கும் நடுவே வேட்டி கட்டி நடந்தவர்கள் அந்த வருஷங்களில் பேண்ட் தைத்துக்கொண்டார்கள். மாதுங்கா ஐயருக்குக் கிளார்க் வேலை பயம், தாராவித் தோல்ஷாப்காரருக்கு அடி பயம். பஞ்சகனியில் முதலாளியும் தொழிலாளியும் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த காலத்தில், மலைக்குக் கீழே லுங்கிக்கு யாரும் ஸாரி சொல்லவில்லை. இன்றுவரை இல்லை.

இதற்கிடையே மாரல் ரீ-ஆர்மமென்ட்டின் மேலிடத்தில் என்ன நடந்தது? 1961-இல் புக்மன் காலமானார். அடுத்து வந்தவர் பீட்டர் ஹோவர்ட். இங்கிலாந்து ரக்பி அணிக்குக் கேப்டனாக இருந்து பத்திரிகைக்காரரானவர். நாலே வருஷத்தில், 1965-இல், பெரு நாட்டின் லீமாவில் அவரும் போய்ச் சேர்ந்தார். அதோடு தனித் தலைவர் என்ற ஏற்பாடு தீர்ந்தது. அப்புறம் எல்லாம் கூடிப் பேசி முடிவு. கமிட்டியால் விரட்டப்பட்டவர் தொடங்கிய இயக்கம், கடைசியில் கமிட்டியாகவே ஆகிவிட்டது.

அந்தக் கூட்டங்களை நான் பார்த்ததில்லை. கற்பனை செய்வதுண்டு. பட்ஜெட்டில் துண்டு விழுகிறது. எல்லோரும் கண்ணை மூடி மேலிருந்து குரலை எதிர்பார்க்கிறார்கள். ஒருவருக்குச் செலவைக் குறை என்று கேட்கிறது, இன்னொருவருக்குக் கூட்டு என்று கேட்கிறது. இரண்டும் ஒரே கடவுள். எங்கள் தாராவிச் சங்கங்களில் இந்த நெருக்கடி கிடையாது. அங்கே கடவுளை விநாயகர் சதுர்த்திக்கு மட்டும்தான் கூப்பிடுவார்கள். மற்றபடி சத்தம் யாருடையதோ தீர்மானம் அவருடையது.

2001-இல் அந்த ஆயுதப் பெயரைக் கழற்றிவிட்டு 'இனிஷியேட்டிவ்ஸ் ஆஃப் சேஞ்ச்' ஆனார்கள். மறு வருஷம் சர்வதேச சங்கமாகப் பதிவு செய்தார்கள். முதல் தலைவர் செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைமையிலிருந்து வந்த கொர்னேலியோ சொமருகா. அடுத்தவர் அல்ஜீரியாவின் முகமது ஸஹ்னூன். அப்புறம் 2009, 2010-இல் நம்ம ஊர்ப் பேரன் ராஜ்மோகன். தலைவர், சர்வதேசக் கவுன்சில், வருடாந்தரக் கூட்டம், ஏரியைப் பார்த்த ஜன்னல்.

எங்கள் கவுன்சிலுக்கு ஜன்னல் இருக்கவில்லை. அது போலீஸ் ஸ்டேஷனில் கூடியது.

1992 டிசம்பர் ஆறாம் தேதி அயோத்தியில் மசூதி விழுந்தது. தாராவியில் அதைக் கொண்டாடி ஒரு சைக்கிள் ஊர்வலம் போனது; பிறகு வந்த கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷனின் அறிக்கையிலேயே இருக்கிறது. அந்த டிசம்பரிலும் ஜனவரியிலும் பம்பாய்க் கலவரத்தில் செத்தவர்கள் 900 பேர். அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். இதில் தமாஷ் எதுவும் இல்லை. ஒரே ஒரு விபரீத வேடிக்கை உண்டு: இருபத்தைந்து வருஷத்துக்கு முன் லுங்கி என்று விரட்டப்பட்ட எங்களை, இப்போது ஹிந்து என்று சொல்லிப் பந்தியில் உட்காரக் கூப்பிட்டார்கள். பழைய கல்லுக்கு ஒரு ஸாரிகூடச் சொல்லாமல் இலை போட்டார்கள். சிலர் உட்கார்ந்தும் விட்டார்கள்.

எங்கள் கோலிக்கு எதிரே மேலப்பாளையத்து பாய் ஒருவர் தோல் பை தைக்கும் கடை வைத்திருந்தார். அப்பாவும் அவரும் 'ஓய், வே' என்று பேசிக்கொள்கிறவர்கள். மராத்திக்காரர்களுக்கு இரண்டு பேரும் ஒரே மதராஸி. ஜனவரியில் ஒரு ராத்திரி பாயின் மகன் வந்து, தையல் மெஷினையும் கணக்கு நோட்டையும் உங்க வீட்ல வைக்கலாமா என்று கேட்டான். அப்பா கதவைப் பாதி திறந்து, "இடம் இல்லப்பா" என்றார். பத்துக்குப் பன்னிரண்டு, ஆறு பேர், பீரோ. சொன்னது உண்மைதான். காரணம் அது இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மெஷினைத் தூக்கிக்கொண்டு நின்ற பையனுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகுதான் சமாதானக்காரர்கள் வந்தார்கள். முதலில் வந்தவர்களில் ஒருவர் சுஷோபா பார்வே, பஞ்சகனிப் பட்டறையில் உருவானவர். வெள்ளைக்காரக் கூத்து இல்லை, பாட்டு இல்லை. சந்து சந்தாகப் போய் இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்டார். முன்னாள் போலீஸ் கமிஷனர் ஜூலியோ ரிபைரோ, அப்போதைய கமிஷனர் சதீஷ் சாஹ்னி போன்றவர்கள் சேர்ந்து, 1994-இல் 'மொஹல்லா கமிட்டி' என்ற தெருக் கமிட்டிகளை ஊர் முழுக்கப் பரப்பினார்கள். ரிபைரோ பஞ்சாபில் ஒரு தடவையும் ருமேனியாவில் தூதராக இருந்தபோது ஒரு தடவையும் துப்பாக்கிச் சூட்டில் தப்பியவர். அப்பேர்ப்பட்டவரைத் தாராவியில் கமிட்டிக் கூட்டத்தில் உட்கார வைத்தால் பயப்படுவார் என்று யாராவது நினைத்திருக்கலாம், நியாயமான எண்ணம்தான்.

ஐடியா என்னவோ பிவண்டியிலிருந்து வந்தது. 1970-இலும் 1984-இலும் கலவரத்தில் எரிந்த ஊர் அது. சுரேஷ் கோப்டே என்ற போலீஸ் அதிகாரி 1988-இல் அங்கே தெருவுக்குத் தெரு கமிட்டி போட்டு, கான்ஸ்டபிளையும் அதில் ஆளாக்கினார். பம்பாய் எரிந்தபோது பிவண்டி எரியவில்லை. வதந்தி வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று கான்ஸ்டபிளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான் வித்தை.

தாராவியில் இந்த வேலையைத் தோளில் போட்டுக்கொண்டவர்கள் இருவர். பாவ் கோர்டே, பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மராத்திக்காரர். வக்கார் கான், ரெடிமேட் துணி தைக்கும் முஸ்லிம். வக்கார் நாலு குழந்தைகளுக்கு நாலு மத வேஷம் போட்டுப் படமெடுத்து, நாமெல்லாம் ஒன்று என்று போஸ்டர் அடித்தார். உலக சமாதானக் கலையில் இதைவிடத் தேய்ந்த யோசனை கிடையாது. ஆனாலும் அது போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் ஒட்டப்பட்டது. குழந்தைக்குத் தொப்பி கொஞ்சம் பெரிசு என்பதைத் தவிர யாருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. இவர்கள் இருவரைப் பற்றி அஞ்சலி மொன்டேரோவும் கே.பி. ஜெயசங்கரும் 2003-இல் 'நாத்தா' என்று ஆவணப்படம் எடுத்தார்கள். தாராவியைத் தாராவியிலேயே எடுத்த படம் அது. 'நாயகன்', 'காலா' படங்களுக்குச் சென்னையில் செட் போட்டார்கள்.

கமிட்டிக் கூட்டத்துக்கு அப்பாவும் ஒரு தடவை போனார். பெரிய மசூதிக்காரர்கள் ஒரு பக்கம், பிள்ளையார் கோவில்காரர்கள் ஒரு பக்கம். மசூதி 1887-இல் எழுந்தது, கோவில் 1913-இல் கட்டியது. யார் முதலில் வந்தோம் என்ற பேச்சை எடுத்தால் கூட்டம் அங்கேயே முடிந்துவிடும் என்று இன்ஸ்பெக்டருக்கு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். கட்டிங் சாய் வந்தது. யார் முதலில் எடுப்பது என்று இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தது. இன்ஸ்பெக்டர் இரண்டு கிளாஸை எடுத்து இரண்டு கையில் வைத்து நீட்டினார். ஏரிக்கரைக் கவுன்சிலில் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

பாய் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். கடைப் பூட்டு உடைந்திருந்தது. அப்பா மூன்று நாள் எதிர்ப்பக்கம் பார்க்காமலே நடந்தார். நாலாம் நாள் சித்தப்பாவைக் கூப்பிட்டனுப்பி, "லேய், அந்த நோட்டுல எப்படி எழுதுவே?" என்று கேட்டார். சித்தப்பாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. விடியக் காலம் எழுந்திருக்கணும், மௌனமா உட்காரணும் என்று ஆரம்பித்தவரை அப்பா பாதியில் நிறுத்திவிட்டு, 90 அடி ரோட்டுக்குப் போய் ஒரு புதுப் பூட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பாய் கடை வாசலில் நின்றார்.

"பூட்டு மாத்தணும் போலயே, வே?"

"ஆமா."

"அன்னைக்கு..." என்று ஆரம்பித்தார் அப்பா.

பாய் பூட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "உம்ம கோலில இடம் இல்லங்கது எனக்குத் தெரியாதாவே?" என்றார்.

தெரியும்லே என்று அப்பா ஒருநாள் சித்தப்பாவிடம் சொன்ன அதே தெரியும். அப்பா வீட்டுக்கு வந்து முருகன் படத்துக்குக் கீழே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இட்லி திங்கியா என்று அவரிடம் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அடுத்த வருஷங்களில் மொஹல்லா கமிட்டி சார்பில் சமாதான கிரிக்கெட் நடந்தது. பையன்கள் எல்லாம் கலந்த டீம், போலீஸ்காரர்களும் ஆடுவார்கள், எல்.பி.டபிள்யூ. கொடுப்பதில் மட்டும் அம்பயருக்குத் தயக்கம். எங்கள் சந்துப் பையன்களும் ஒரு டீம் கட்டி, தொப்பி வாங்க வசூலுக்கு வந்தார்கள். சித்தப்பா அன்று எங்கள் வீட்டில் இருந்தார். சட்டைப்பையிலிருந்து ஐம்பது ரூபாய் எடுத்துக் கொடுத்து, "அண்ணன் பேர்ல எழுதுங்கடே" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "எழுபத்திநாலு பாக்கி தீந்துச்சு" என்றார்.

அப்பா ரசீதை வாங்கி, கண்ணாடி போட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பையன்கள் அவர் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.

"இருபது வருஷ வட்டி எங்கலே?" என்றார். "அது கிடக்கட்டும். முதல்ல போய் இந்தப் பேருக்கு ஒரு ஸாரி வாங்கிட்டு வா."